மஞ்சள் நூல் தையல்

கத்திரி அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று அந்தப் பயிற்சிப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. தையல்காரி என்பதால் வந்த பெயர் என்று அவள் காதுபடச் சொல்வார்கள். தன் நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்பது அவளுக்கே தெரியும். வந்து இறங்கிய முதல் நாள், வரவேற்புப் பாட்டுப் பாடிய குழுவிடம் நேரே போய், உங்கள் அங்கிகளில் இரண்டுக்கு ஓரமடிப்பு ஏறி இறங்கி இருக்கிறது என்று சொன்னவள் அவள். பாட்டு நன்றாக இருந்தது என்று அடுத்த வாரம்தான் சொன்னாள்.

நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. தன் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருபது வருடம் தனியாக இருந்தவள். வைத்த சீப்பு வைத்த இடத்தில் இருக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள், யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில், தொலைவில் ஒரு மலைப்பக்கத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஊழியமாகப் போக யார் தயார் என்று கேட்டார்கள். இவள் கை தானாக உயர்ந்தது. மூன்று மாதத்தில் கடையை மூடினாள், தையல் மெஷினைத் தன்னிடம் வேலை செய்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள், ஒரு பெட்டியோடு இந்தப் பயிற்சிக்கு வந்துவிட்டாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த காரியம்தான். ஆனால் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

வெளியூர்களுக்கு மிஷனரிகளை அனுப்பும் பள்ளி அது. வேதபாடம், புதுமொழி, முதலுதவி எல்லாம் வகுப்பில் நடந்தன. கஷ்டமான பாடம் மாடியில் இருந்தது. ஓர் அறைக்கு மூன்று பேர், மூன்று கட்டில், ஒரே அலமாரி, ஒரே கண்ணாடி. ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை. அங்கே யாரும் தன் துணியைத் தானே துவைக்கக் கூடாது. திங்கட்கிழமை தோறும் ஒருவர் துணியை அடுத்த கட்டில்காரர் துவைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பிறர் அழுக்கைக் கையால் தொடாதவர் பிறரோடு ஊழியத்துக்குப் போய் என்ன செய்யப்போகிறார் என்று முதல்வர் அம்மா கேட்பார். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் துவைத்தார்கள்.

அதைவிடப் பெரிய வழக்கம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளி யாரையும் தனியாக அனுப்பாது. இருவர் இருவராகத்தான் அனுப்பும். அதனால் வருடக் கடைசியில் ஆசிரியர்கள் போடும் மதிப்பெண்ணோடு, அறையில் கூட இருந்தவர்கள் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டில் ஒரே கேள்வி: இவரோடு ஒரே வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதமா? ஒருவர் இல்லை என்று எழுதினாலும் போதும், பயணம் நின்றுவிடும். போன வருடம் வேதபாடத்தில் முதலாவதாக வந்த ஒரு பிரசங்கியார் இப்படித்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதைக் கேட்ட அன்றே கத்திரி அக்கா தான் தேறப்போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். அவளுடைய அறைத்தோழிகளில் ஒருத்தி நர்ஸ், ஐம்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள், குறட்டை விடுபவள். இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர், இருபத்தைந்து வயது, ஈரத்துண்டைக் கண்ட இடத்தில் போடுபவள். குறட்டையையும் துண்டையும் பற்றி இவள் சொல்லாத வார்த்தை இல்லை. மற்ற இருவரும் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்கதை பேசும்போது, இவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். யாரோடும் ஒட்டாமல் இருந்தே பழகியவள்.

நான்காவது மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தனியாக இருந்த காலத்தில் காய்ச்சல் வந்தால் அவளே எழுந்து அவளே வெந்நீர் வைத்துக்கொள்வாள். இந்தமுறை கண் திறந்தபோது நெற்றியில் நர்ஸின் கை இருந்தது. டீச்சர் கால்மாட்டில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள், பாதி ஜெபத்தில் தூங்கியும்விட்டாள். ஆறு நாள் நர்ஸ் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், தன் முறை இல்லாதபோதும் இவள் துணியைத் துவைத்தாள். எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று கத்திரி அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். தன்னை இப்படிப் பார்த்துக்கொள்ள ஆட்களைக் கொடுத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். வெளியே வந்து, யார் இந்தத் துண்டை இங்கே போட்டது என்றும் கேட்டாள்.

அந்த நன்றிக்கடன்தான் அவளை மாட்டிவிட்டது. பத்தாவது மாதம் நர்ஸ் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனாள். அந்த மாதம் நர்ஸின் துணி கத்திரி அக்காவின் பொறுப்பு. இவள் அவளுடைய கம்பளிப் போர்வையையும் எடுத்துத் துவைத்தாள். சாம்பல்நிறப் போர்வை. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. மஞ்சள் நூலில், ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, முடிச்செல்லாம் மேல்பக்கம். பார்த்ததும் இவளுக்குக் கை பரபரத்தது. என்னை ஆறு நாள் தாங்கியவளுக்கு என்னால் ஆனது இது என்று நினைத்து, அந்த மஞ்சள் நூல் முழுவதையும் பிரித்துக் குப்பையில் போட்டாள். பிறகு சாம்பல் நூலால் உள்பக்கமாகத் தைத்தாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் கைவேலையில் அதைவிட நல்ல தையல் இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்த டீச்சர் போர்வையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அந்த மஞ்சத் தையல் எங்கக்கா?"

பிரித்துவிட்டேன் என்றதும் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸின் அம்மாவுக்குக் கண் போய்விட்டது. மகள் இங்கே கிளம்பும் வாரம், அந்த அம்மா தடவித் தடவி அந்த ஒட்டைப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மாதமே இறந்துபோனார் என்று டீச்சர் சொன்னாள். அம்மா இறந்தது கத்திரி அக்காவுக்குத் தெரியும். போர்வைக் கதை தெரியாது. நர்ஸ் அதைச் சொன்ன சாயங்காலம் இவள் நாற்காலியோடு வராந்தாவில் இருந்தாள்.

தலையில் இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தவள் பிறகு குப்பைத்தொட்டிக்கு ஓடினாள். காலையிலேயே குப்பையை எடுத்து எரித்துவிட்டார்கள். திரும்பி வந்து தன் பெட்டியைத் திறந்தாள். அதே கனத்தில் மஞ்சள் நூல் இருந்தது. ஒருமுறை பார்த்த தையலைத் தையல்காரி மறக்கமாட்டாள். தன் நல்ல தையலைப் பிரித்துப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, முடிச்சை மேலே விட்டு, பழையபடி தைத்தாள். கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

டீச்சர் விரலால் தடவிப் பார்த்தாள். வித்தியாசமே தெரியவில்லை என்றாள். இன்னும் பத்து நாளில் சீட்டு எழுத வேண்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், நானும் திறக்கமாட்டேன் என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் பேச வராது. அவளே கத்திரி அக்காவுக்காக அப்படிச் சொன்னாள்.

நர்ஸ் ஒரு மத்தியானம் திரும்பி வந்தாள். களைத்திருந்தாள். பையை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போர்வையை இழுத்து, ஒட்டுப் போட்ட ஓரத்தைத் தேடி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முகம் அப்படியே இளகியது. டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலைப்பக்கமும் தையல் பள்ளியும் கத்திரி அக்காவின் மனதில் வந்துபோயின. கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையும் வந்துபோனது. ஆனால் அந்தக் கன்னம் தன் பொய்யின்மேல் படுத்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அது உங்க அம்மா தையல் இல்ல. அதை நான் பிரிச்சுட்டேன். இது நான் பார்த்துத் தைச்சது."

நர்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு தையல்கூட மிச்சமில்லையா?"

"இல்லக்கா. நூலையும் எரிச்சுட்டாங்க."

 நர்ஸ் போர்வையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அதன்பிறகு அறையில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் கேட்டால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். கத்திரி அக்கா இரண்டுமுறை மன்னிப்புக் கேட்டாள். இரண்டுமுறையும் நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். இடையில் மாதம் மாறி, கத்திரி அக்காவின் துணி நர்ஸின் முறைக்கு வந்தது. இந்தத் திங்கட்கிழமை துணி அப்படியே கிடக்கும் என்று இவள் நினைத்தாள். சாயங்காலம் பார்த்தால், எல்லாம் துவைத்து, காய்ந்து, ஓரம் ஓரத்தோடு சேர்த்து மடித்துக் கட்டிலில் இருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்கு இன்னும் அழுகை வந்தது. சீட்டு எழுதும் நாளில் நர்ஸைப் பற்றி இவள் சம்மதம் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டாள். தனக்கு என்ன வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியில் பாதியைக் கட்டியும் வைத்துவிட்டாள்.

முதல்வர் அம்மாவின் அறையில் மூவரையும் உட்கார வைத்துத்தான் சீட்டுகளைப் படிப்பார்கள். கத்திரி அக்காவைப் பற்றி டீச்சர் எழுதியது முதலில் வந்தது: சம்மதம், ஆனால் துண்டு விஷயத்தில் அக்கா கொஞ்சம் இறங்கி வர வேண்டும். முதல்வர் அம்மா சிரித்தார். அடுத்த சீட்டைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"என் அம்மா கடைசியாகத் தைத்ததை இவள் அழித்துவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, சொன்னாள். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று தெரியாது. கோபத்தோடும் இவள் துணியைத் துவைத்தேன், ஒரே அறையில் தூங்கினேன். முடிகிறது. சம்மதம். இவளை எங்கே அனுப்பினாலும் என்னையும் கூட அனுப்புங்கள்."

 கத்திரி அக்கா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று முதல்வர் அம்மா கேட்டார்.

"இருபது வருஷமா என்மேல கோபப்பட எனக்கு ஒரு ஆள் இல்லம்மா," என்றாள் அவள். "இப்ப இருக்காங்க. கூட வரேன்னும் சொல்றாங்க. இதுக்குமேல நான் கர்த்தர்கிட்ட என்ன கேட்கப்போறேன்?"