சுண்ணாம்பு அடித்த ஆற்றங்கரை ரோடு

1

விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையோரமாக ஒரு ரோடு போகும். ராஜா காலத்துப் பாதை என்பார்கள். இரண்டு பக்கமும் மருத மரங்கள், நடுநடுவே தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே ரோடு பராமரிக்கும் கேங்குக்கு நான் மேஸ்திரி ஆனேன். பிள்ளைகளே, அப்போது அது குண்டும் குழியுமாகக் கிடந்தது.

ஒருநாள் ஓவர்சியர் வந்தார். "பெரிய இன்ஜினியர் சார் பாக்க வராரு. ரிப்பேர் எஸ்டிமேட்டுக்கு அவரு ஒத்துக்கணும். இல்லேன்னா ரோட்டக் கைவுட்டுட்டு மரத்தையெல்லாம் ஏலம் போட்டுடுவாங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் கேங்கில் ஒரு வழக்கம். குழியில் கிராவலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துவிடுவோம். மரத்துக்கும் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவதில்லையா, அந்த மாதிரிதான். ஜீப் குலுங்காமல் போனது. "பரவாயில்லையே மேஸ்திரி, நல்லா வச்சிருக்கீங்க" என்றார் பெரிய சார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எஸ்டிமேட் திரும்பி வந்தது. ரோடு நன்றாக இருக்கிறதாம், ரிப்பேர் தேவையில்லையாம்.

2

ஐப்பசி மழையில் கிராவல் கரைந்து ஓடியது. வண்டிக்காரர் சின்னத்தம்பியின் கடலை வண்டி பெரிய குழியில் இறங்கி அச்சு முறிந்தது. மூட்டை தூக்க ஓடினேன்.

"வாங்க மேஸ்திரி! சாவக் கெடக்குறவனுக்குப் பவுடர் பூசி டாக்டருகிட்ட காட்டுனா, மருந்தா குடுப்பாரு?" என்றார் சின்னத்தம்பி.

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் மூட்டையைத் தூக்கினேன்.

மழை விட்டதும், பாழான ரோட்டைக் கைவிட்டு மரங்களை ஏலம் போடலாமா என்று முடிவு செய்யப் பெரிய சாரே மறுபடி வந்தார். ஆட்கள் கிராவல் கூடையோடு தயாராக நின்றார்கள். "எறக்கி வைங்கப்பா. எதையும் மூட வேணாம்" என்றேன்.

"மானத்த வாங்காதய்யா!" ஓவர்சியர் கத்தினார்.

ஜீப் பெரிய குழியில் மாட்டியது. பெரிய சார் முழங்கால் சேற்றில் இறங்கினார். "இதுக்குத்தான் ஒனக்குச் சம்பளமா?"

"போன தடவையும் இப்படித்தாங்க சார் இருந்துச்சு. நாங்கதான் மூடிக் காட்டிட்டோம்."

ஊரே பார்த்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. சின்னத்தம்பி மாடு பூட்டி ஜீப்பை இழுத்துவிட்டார். சார் மருத மரத்தடியில் சுமைதாங்கியைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழுவினார்.

கோடைக்கு முன்பே எஸ்டிமேட் பாஸாகி ஜல்லி வந்து இறங்கியது. ஏலம் நின்றது.

கணக்குப் புரியாவிட்டால் வாத்தியாரிடம் புரியவில்லை என்றே சொல்லுங்கள், பிள்ளைகளே. வெட்கமாகத்தான் இருக்கும். அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. பஸ் அந்தக் குழி இருந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு இன்றும் தலை தானாகக் குனிகிறது.