இல்லாத தோணியின் சொந்தக்காரி

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவில் அவரைப் பற்றி நான்கு தகவல்கள் இருக்கின்றன. பெயர்: ஆ. ஸ்டெபி. கல்வித்தகுதி: எம்.எஸ்சி., இயற்பியல். தற்போதைய நிலை: வேலையில் இல்லை. முன் அனுபவம்: எதுவும் இல்லை. நான்கில் முதல் இரண்டும் சரி.

மூன்றாவதை அவருடைய அம்மா ஒத்துக்கொள்வதில்லை. வேலை இல்லாத பிள்ளை ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிட வேண்டாமா என்று கேட்கிறார். நான்காவதை ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய துறைமுகத்தில், தோணிகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஸ்டெபியின் அப்பாவைவிட வயது அதிகம். ஆனாலும் தெருவில் அவரைக் கண்டால், மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிடுகிறார்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இந்த மரியாதை எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதுவும் நீந்தத் தெரியாத, தோணியில் ஏறினால் வாந்தி எடுக்கிற பெண்ணுக்கு.

அவர் பரீட்சைக்குப் படித்த கதையிலிருந்து தொடங்கவேண்டும். எம்.எஸ்சி. கடைசிப் பருவத் தேர்வு நடந்த ஏப்ரலில்தான் தெருமுனையில் இருக்கும் சிறு கோயிலான சூசையப்பர் குருசடியின் திருவிழாவும் வந்தது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் கூம்பு ஒலிபெருக்கி ஓயாது. ஓய்ந்தால் புனிதருக்குக் குறை என்று நினைக்கும் தெரு அது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு செபாஸ்டின். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் முப்பது வருடமாகப் போய்வருபவர். திருவிழாவுக்காக மட்டும் ஒரு நடையைத் தவறவிட்டுக் கரையில் நிற்பவர். ஸ்டெபியின் வீட்டு வாசலைப் பார்த்திருந்த கூம்பை அவர் ஒரு காலையில் கழற்றி, கடலைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். அந்த வருடம் ஜெபமாலையும் பாட்டும் பெரும்பாலும் மீன்களுக்கே போய்ச் சேர்ந்தன.

செபாஸ்டினின் மனைவி அல்போன்சா, மூளைக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, நாள் தவறாமல் சாளைமீன் குழம்பு கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு ஜோன்ஸ், விடியுமுன் கூவித் தொலைக்கும் தன் சேவலைப் பெரியதாழையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு அனுப்பினார். சேவல் திரும்பவில்லை. மாமியார் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை.

ஸ்டெபி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் பெற்றார். ஞாயிறு பூசையில் சாமியார் அதை அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது. முதல் இடம் கைநழுவியதற்குச் சேவலை இரண்டு நாள் பிந்தி அனுப்பியதே காரணம் என்று ஜோன்ஸைக் குறை சொன்னார்கள். அல்போன்சா கால் பங்கு கேட்டார். செபாஸ்டின் பாதிக்குக் குறைந்து பேசவே இல்லை.

"ராங்குல பாதி என்னோடது, பாத்துக்க. ஸ்பீக்கரத் திருப்புனவன் நான்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள், ஸ்டெபியும் சிரித்தார். ஆனால் அவர் அதை நம்பவும் செய்தார். தனியாகப் படித்துத் தேறியதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரு தெரு பத்து நாள் பாட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறது. அதற்கு ஏதாவது திருப்பிச் செய்யாமல் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டக் கூச்சமாக இருந்ததால், அது அலமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் மே மாதம் செபாஸ்டின் உண்மையிலேயே தன் பாதியைக் கேட்டு வந்தார். கையில் ஒரு தேர்வுப் புத்தகம் இருந்தது.

அவருடைய தோணியின் தண்டலுக்குக் கண் மங்கிவிட்டது. தண்டல்தான் தோணிக்குத் தலைவர். அவர் இல்லாமல் தோணி நகராது. முதலாளிக்குச் செபாஸ்டினைத் தண்டலாக்க ஆசை. அதற்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். செபாஸ்டினோ அந்தத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தார். எழுத்துத் தேர்வில் இல்லை, அதிகாரி முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வில். ஆகஸ்டில் மூன்றாவது வாய்ப்பு. அதிலும் தவறினால் முதலாளி வெளியூர்த் தண்டல் ஒருவரைக் கொண்டுவருவார். வருகிற தண்டல் தன் ஆட்களோடுதான் வருவார். தோணிக்காரர்களின் வழக்கம் அது. செபாஸ்டினும் அவரோடு இருக்கும் எட்டுப் பேரும் கரையில் நிற்கவேண்டியதுதான்.

மே பாதியிலிருந்து ஆகஸ்டு முடியக் கச்சான் காற்றின் காலம். மேற்கே இருந்து அது வீசும்போது தோணிகள் போவதில்லை. ஆட்களுக்கு வேலையும் இல்லை. படிக்க ஏற்ற காலம். ஸ்டெபியின் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போடப்பட்டது.

கடலைப் பற்றி ஸ்டெபிக்குத் தெரிந்ததெல்லாம் சமன்பாடுகளாகத்தான் தெரியும். ஆனால் தேர்வு என்ற பிராணியை நன்றாகத் தெரியும்: எங்கே கடிக்கும், எங்கே தடவிக்கொடுத்தால் போதும் என்று. தினமும் சாயங்காலம் அதிகாரி வேடம் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார். திசைகாட்டி, விளக்குகள், வரைபடம், சரக்கை அடுக்கும் முறை, எல்லாவற்றுக்கும் செபாஸ்டின் பதில் சொன்னார். தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரே ஓர் அத்தியாயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். தோணியில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள், தீப்பிடித்தால், இன்னொரு கப்பல் மோதினால் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். நெஞ்சில் சிலுவை போடுவார். அதெல்லாம் மாதா பார்த்துக்கொள்வாள் என்பார்.

அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்காமல் ஏமாற்றுகிறார் என்று ஸ்டெபி முடிவு கட்டினார். நன்றாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இது. பதில் வரவில்லை என்றால் படிக்கவில்லை. அவர்களுக்கு வேறு காரணம் தோன்றாது. ஒரு நாள் திட்டியும் விட்டார். செபாஸ்டின் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, நாளைக்குப் படித்துவருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஸ்டெபி அவர் வீட்டுக்குப் போனார். செபாஸ்டின் வெளியே போயிருந்தார். அல்போன்சா மீன் அறுத்துக்கொண்டிருந்தார். மாமா அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை, தேர்வுக்கு நாள் நெருங்குகிறது என்று ஸ்டெபி முறையிட்டார்.

"படிக்காம என்ன? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு" என்றார் அல்போன்சா. "வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சொல்லியிருக்கேன்."

"ஏன் மாமி?"

"ஓடுத தோணிய மூழ்குதுன்னு வாயால சொல்லலாமாளா?"

அந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை. தான் ஏறிப்போகும் தோணிக்குக் கேட்டை வாயால் வரவழைக்கக் கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கல்யாணமான வாரத்திலேயே அல்போன்சா கணவரிடம் அதற்குச் சத்தியம் வாங்கியிருந்தார். உங்கள் தோணி மூழ்குகிறது என்று அதிகாரி சொன்ன இரண்டு முறையும் செபாஸ்டின் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார். பதில் தெரியாதவர் என்று அதிகாரி எழுதிக்கொண்டதில் தப்பு இல்லை.

ஸ்டெபி இயற்பியல் பேசிப் பார்த்தார். பேச்சு என்பது காற்றில் ஓர் அதிர்வு. அது தோணிப் பலகையை என்ன செய்துவிடும்?

"சொன்னா நடந்துருமா மாமி?"

அல்போன்சா அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பரீட்ச எழுதி முடிச்சப்ப, ராங்கு வருமாளான்னு எத்தன தடவ கேட்டேன்? ஒரு வார்த்த சொன்னியா?"

முந்திச் சொன்னால் வராமல் போய்விடுமோ என்று பயந்து, முடிவு வரும்வரை ஸ்டெபி பெற்ற தாயிடம்கூட ஒன்றும் சொன்னதில்லை. இயற்பியல் அதோடு முடிந்தது.

யார் தோணியைப் பற்றியும் பேசக் கூடாதா என்று கேட்டார்.

"அடுத்தவன் தோணின்னா சொல்லித்தான ஆகணும்? ஒருத்தன் தத்தளிக்கத நாலு பேருட்ட ஓடிப்போய்ச் சொல்லாட்டி பாவம்லா."

"அப்ப என் தோணி மூழ்குதுன்னு வச்சுக்கிடுவோம்."

"ஏளா, ஒனக்கு ஏது தோணி?"

"இல்லாததுதான் நல்லது மாமி. மூழ்குனா யாருக்கும் நட்டமில்ல."

குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றும்வரை அல்போன்சா அந்த யோசனையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: அந்தத் தோணிக்குப் புனிதர் பெயர் எதையும் வைக்கக் கூடாது. ஸ்டெபி ஒத்துக்கொண்டார். பெயரே வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஸ்டெபியின் தோணி முன்னறையில் நித்தம் ஒரு விபத்தில் சிக்கியது. முதல் நாள் செபாஸ்டின் தயங்கினார். மனைவி வாசலில் நின்று தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்த வாய் பிறகு மூடவில்லை. பம்பைப் போடச் சொல்லிக் கத்தினார். சரக்கைக் கடலில் எறியச் சொன்னார். இல்லாத ஆட்களைப் பெயர் சொல்லித் திட்டினார். இன்றைக்கு எங்கே கவிழ்ந்தது என்று ஜோன்ஸ் ஜன்னல் வழியாக விசாரிப்பது தெருவுக்குப் பொழுதுபோக்கானது. அதே தோணியில் எஞ்சின் ஓட்டும் பாண்டியராஜன் ஏரலிலிருந்து பஸ் ஏறி வேடிக்கை பார்க்க வந்தார். அவர் வீட்டில் கும்பிடுவது முருகனை. ஆனாலும் உங்கள் எஞ்சின் அறையில் தீ என்றதும் அவர் வாயும் அதே இடத்தில் அடைத்தது. அவருக்கும் ஒரு தேர்வு பாக்கி இருந்தது. அவரையும் உட்காரச் சொன்னார் ஸ்டெபி.

இதற்கு நடுவில் ஸ்டெபி, கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வைத் தானும் எழுதி, கொஞ்சத்தில் தவறினார். பிறரைத் தேற்றத் தெரிந்தவருக்குத் தான் தேறத் தெரியவில்லை என்று பேச ஆள் இருந்தது. முடிவு வந்த அன்றும் வழக்கமான நேரத்துக்கு அவருடைய தோணி மூழ்கியது. அல்போன்சா ஒரு தூக்குவாளி நிறையச் சாளைமீன் குழம்பு கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் செபாஸ்டினோடு ஸ்டெபியும் தேர்வு அலுவலகத்துக்குப் போனார். உள்ளே நடந்ததைச் செபாஸ்டின் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்; இதுவரை கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை.

கண்ணாடி போட்ட, பொறுமையான அதிகாரி. மற்றக் கேள்விகளை முடித்துவிட்டு, தோணியில் தண்ணீர் ஏறுகிறது, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செபாஸ்டின் கும்பிடப் போன கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. என் தோணி வேண்டாம். ஸ்டெபி தோணின்னு வச்சுக்கிடலாமா?"

"ஸ்டெபி யாரு?"

"வெளிய நிக்கா சார்."

"அவங்களுக்கு எத்தனை தோணி?"

"ஒண்ணுங் கிடையாது சார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். மூன்றாவது முறையும் போயிற்று என்று செபாஸ்டின் நினைத்தார். தன்னோடு இருக்கும் எட்டுப் பேரின் முகமும் வரிசையாக வந்து போனதாம்.

"சரி" என்றார் அதிகாரி. "அந்த இல்லாத தோணியவே காப்பாத்துங்க, பாப்போம்."

செபாஸ்டின் காப்பாற்றினார். ஓட்டையைத் தேட ஆள் அனுப்பினார், பம்பைப் போட்டார், சரக்கை மறுபக்கம் தள்ளினார், எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை மாட்டினார், வயர்லெஸில் உதவி கேட்டார், கடைசியாகத் தலைகளை எண்ணினார். அதிகாரிக்கு ருசி பிடித்துவிட்டது. அதே தோணிக்குத் தீ வைத்தார். தீ அணைந்ததும் மூடுபனியில் ஓர் எண்ணெய்க் கப்பலை அதன்மேல் ஏவினார். ஸ்டெபியின் தோணி எல்லாவற்றையும் தாங்கிக் கரைசேர்ந்தது.

வெளியே வந்த செபாஸ்டின், தேறுவாரா மாட்டாரா என்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எம்.எஸ்சி. படித்த ஸ்டெபியும் கேட்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது செபாஸ்டின் சொன்னது ஒன்றுதான்.

"ஒன் தோணிக்கு ஒண்ணும் ஆகலளா."

சான்றிதழ் வந்தது. செப்டம்பரில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு தோணி மாலத்தீவுக்குப் புறப்பட்டபோது தண்டல் செபாஸ்டின். ஆட்கள் அதே எட்டுப் பேர். திரும்பிவரும்போது ஸ்டெபி வீட்டுக்கு ஒரு சாக்கு மாசிக் கருவாடு வந்தது. இவ்வளவையும் யார் தின்பது என்று அவர் அம்மா சலித்துக்கொண்டே தெரு முழுக்கப் பங்கிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு கச்சான் காலங்கள் போய்விட்டன. முன்னறையில் மேசை போதாமல் ஜோன்ஸ் ஒரு பெஞ்சு கொடுத்திருக்கிறார். பெரியதாழையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஸ்டெபி இதுவரை பத்துத் தோணிக்காரர்களைத் தேர்வுக்குத் தயார் செய்திருக்கிறார். ஒவ்வொருவரோடும் தேர்வு அலுவலகம்வரை போய், அவர்கள் வெளியே வரும்வரை வாசலில் நின்றிருக்கிறார். ஏழு பேர் தேறினார்கள். தேறாத மூன்று பேருக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறார்.