அடிபடாத தழும்பு

தூத்துக்குடியில் நான் தோல் மருத்துவராகச் சேர்ந்த புதிது. சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர் கண்ணோரத்தில் வெளிறிய தழும்போடு வந்தார். "பழைய தழும்புதான், பயப்படாதீங்க" என்றேன்.

"அங்கன அடியே பட்டதில்லயே, டாக்டரம்மா!"

வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் களிம்பு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, இமை இழுபட்டுத் திரும்பி வந்தார். சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. தழும்பு போலவே தோன்றி, தோலுக்கடியில் பரவும் அரிய வகை பேசல் செல் புற்றுநோய் அது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

"அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்று அவரிடம் சொல்லி அழுதேன்.

அவர், "இனிமே கடல்ல முங்க முடியாதுல்லா?" என்று மட்டும் கேட்டார்.

என்னை மன்னித்தாரா, தெரியாது. இப்போதெல்லாம் நோயாளி பேசி முடிக்கும்வரை நான் பேனாவைத் தொடுவதில்லை.