காதுள்ள வண்டி

அன்று எங்கள் வீட்டு ஹோலில் ஏழு பேர் இருந்தோம். நான், என் மனைவி, லீவில் வந்திருந்த எங்கள் மகன், அவனுக்குப் பேசியிருந்த, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பெண்ணின் தகப்பன், தாய், அந்தப் பெண், அவளுடைய தாய்மாமன். தாய்மாமன் வாசலோரக் கதிரையில் இருந்து வடை சாப்பிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆனாலும் அவரும் இருந்தார். யார் எங்கே இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் மனப்பாடம். அவர்களை அப்படி அப்படி இருத்தியவன் நான்.

மகனுக்கு வலப்பக்கம் பெண்ணின் தகப்பன். இடப்பக்கம் சுவர். பெண் நேர் எதிரே. மகனுக்கு இடது காது அறவே கேட்காது, வலது காதில் பாதிதான் கேட்கும். அந்த ஏழு பேரில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும்.

அவன் படிக்கப் போன நாட்டில் அந்த நாட்டு இராணுவத்திலேயே சேர்ந்துவிட்டான். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். காதுக்கு நட்டஈடு கேட்டு அவன் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. நான் எதையாவது எழுதப்போய் அது கெட்டுவிடக் கூடாது. நான் அப்படிப்பட்டவன். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலி வீதியில் இராணுவத்தின் பச்சை வண்டி ஒன்று நின்றாலே அவனைத் தனியே வர விட மாட்டேன். பஸ் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய் ஹோல்ட்டில் நிற்பேன். அந்த வண்டிகளுக்குத் தூரமாக இருக்கட்டும் என்றுதான் கடன்பட்டு அவனை அனுப்பினேன். அவன் போய் அதற்குள்ளேயே ஏறி இருந்தான்.

வேவு பார்க்க முன்னால் போகும் கவச வண்டி. சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலி. புதிது புதிதாகச் செய்து வரும் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் வேலை. முதலில் வீடியோ அனுப்பும்போது எவ்வளவு சந்தோஷம் அவனுக்கு! இருட்டிலும் பார்க்கும், புகைக்குள்ளும் பார்க்கும், உள்ளே இருந்தபடியே நாலு பக்கமும் தெரியும் என்பான். "அதுக்குக் காதும் இருக்கப்பா. எங்கயாவது வெடி வைச்சா, எந்தப் பக்கத்தில இருந்து வந்ததெண்டு சத்தத்தை வைச்சே சொல்லிப்போடும்." எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் புறக்கோட்டை இரும்புக் கடையில் கணக்கெழுதும் எனக்கு, அந்த வண்டியின் காது பெரிய அதிசயமாக இருந்தது.

போகப் போக அவன் டெலிபோனில் கத்திக் கதைக்கத் தொடங்கினான். கோபம் என்று நினைத்தேன். என்மேல் என்ன கோபம், கடன் விஷயமோ, என்று இரண்டு மாதம் நித்திரையில்லாமல் யோசித்தேன்.

அவன் வந்த அன்றுதான் விளங்கியது. எங்களைப்போல் வெள்ளவத்தையில், ரயில் பாதையை ஒட்டிய கடற்பக்க ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் கதையை அந்தச் சொல்லோடு நிறுத்துவோம், போனதும் அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவோம். அவன் சின்னப் பிள்ளையில் 'அம்மா எனக்கு' என்று சொல்லி வாயைத் திறந்தபடி காத்திருப்பான். வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தது. நானும் மனைவியும் நிறுத்தினோம். அவன் நிறுத்தவில்லை. அதே குரலில் சொல்லிக்கொண்டே போனான்.

கேட்டபோது மறைக்கவில்லை. வேகமாக ஓடும்போது வண்டி முழுக்க அதிருமாம், விரல்கள் விறைத்து வெளிறிப்போகுமாம். சத்தத்தைத் தடுக்கக் கொடுத்த ஹெட்செட் வழியாகவே சத்தம் காதுக்குள் போயிருக்கிறது. ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்களாம், வண்டி சரி என்று மேலிடம் சொல்லியதாம். "எனக்குள்ள ஒரு ரயில் எந்நேரமும் போகுதம்மா. அதுக்கு நிறுத்திக் கதைக்கிறதெண்டா நான் கதைக்கவே ஏலாது," என்றான். தேத்தண்ணிக் கோப்பையை அவன் வைக்கும்போது சோசரில் தடதடவென்று அடித்தது.

அதற்கு முன்பே கலியாணம் பேசி முடிந்திருந்தது. டொனேசன் என்று பெண் வீட்டார் தரும் காசில் முற்பணமாகப் பத்து லட்சம் என் கைக்கு வந்து, பாதியில் மனைவியின் நகையை மீட்டு, மீதியில் அவனை அனுப்பப் பட்ட கடைசிக் கடனையும் கட்டிவிட்டேன்.

"என்ர காதைப் பற்றி அவையளுக்குச் சொல்லிப்போட்டு, விருப்பமோ எண்டு கேளுங்கோ அப்பா," என்றான் மகன்.

"பிறகு சொல்லலாம்."

"எப்ப? தாலி ஏறின பிறகோ?" என்றாள் மனைவி.

நான் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் நேரங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு ரயில்களுக்கு இடையில் நல்ல இடைவெளி இருந்த நேரமாகப் பார்த்து அவர்களை வரச் சொன்னேன்.

பெண்ணின் தகப்பனுக்குத் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் தொழில். ஆளுக்கு வண்டியில் பெரிய ஆசை.

"தம்பி, அது எத்தனை தொன்?"

"நாப்பதுக்குக் கிட்ட வரும், மாமா."

"பரவாயில்லை, எங்கட கிரேன் தூக்கும். ஒண்டு என்ன விலை போகும்?"

"இந்த ஒழுங்கையில இருக்கிற பிளட் வீடெல்லாம் வித்தாலும் காணாது."

"கேட்டீரோ? சீதனத்துக்கு அதில ஒண்டைக் கேக்கேல்லை, சம்பந்தி நல்ல மனுசன்," என்று அவர் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். மகன் எங்கள் வாய்களைப் பார்த்துவிட்டு ஒரு கணம் பிந்திச் சிரித்தான்.

பெண்ணின் தாய் கேட்டாள்: "அவ்வளவு காசு போட்டுச் செய்தா, உள்ளுக்கு இருக்கிற பிள்ளையளுக்கு ஒரு கீறலும் வராது, என்ன?"

மகன் என்னைப் பார்த்தான். பதிலை அவன் எனக்கு விட்டிருந்தான்.

"ஒண்டும் வராது," என்றேன் நான்.

அப்போதுதான் ரயில் வந்தது. முன்னமே போயிருக்க வேண்டியது, பிந்தி வந்தது. யன்னல் கண்ணாடிகள் நடுங்கின. நானும் மனைவியும் பழக்கத்தில் வாயை மூடினோம். பெண்ணின் தகப்பன் ஏதோ சொல்லத் தொடங்கிக் கையை விரித்து விட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் அந்தப் பெண் மகனைப் பார்த்து எதையோ கேட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது. என்ன கேட்டாள் என்று எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் விளங்கியது. அவன் பதில் சொல்லத் தொடங்கினான். கடைசிப் பெட்டி கடந்து போக, ஹோலில் அவனுடைய குரல் மட்டும் பெரிதாக நின்றது.

"...ஓம். இடது அறவே கேக்காது. மற்றதில பாதி. அந்த வண்டியாலதான்."

வீடியோவில் கதைக்கும்போதே அவளுக்குச் சந்தேகமாம். இவர் கண்ணைப் பார்க்கிறதில்லை, வாயையே பார்க்கிறார் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். அது வெட்கம் என்று தாய் சொல்லிவிட்டாளாம்.

பெண்ணின் தகப்பன் எழும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஐயா," என்றார். அதுவரை சம்பந்தி என்றவர். "பிள்ளைக்குக் காது போனது அவரின்ர பிழையில்லை. அதைச் சொல்லியிருந்தா இருந்து யோசிச்சிருப்பம். இப்ப வாய் திறந்து ஒண்டும் வராது எண்டனீங்களே, அதுக்கு நான் என்ன செய்ய?"

தாய்மாமன் கையிலிருந்த பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார். அந்தப் பெண் கடைசியாகப் போனாள். வாசலில் நின்று மகனின் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, "நீங்கள் என்னட்டப் பொய் சொல்லேல்லை," என்றாள். அவன் தலையாட்டினான். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் இன்னும் அங்கே நிற்கிறாள் என்பதுபோல.

என்னை அவன் ஒரு சொல்லும் ஏசவில்லை. லீவு முடியுமுன்பே திரும்பிப் போனான். இப்போது வண்டியில் ஏற்றுவதில்லை. ஸ்டோரில் சாமான் எண்ணுகிறான். டெலிபோனில் கதைக்க முடியாது என்பதால் எழுதச் சொல்கிறான். நான் பிழை பிழையாக எழுதுகிறேன். சாப்பிட்டியோ, குளிரோ, கேஸ் என்ன மாதிரி. மற்றதை எழுத வருவதில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனைவி நகையைத் திரும்ப அடைவில் வைத்தாள். அதில் கிடைத்த நாலு லட்சத்தை ஒரே முறையில் பெண்ணின் தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிச்சத்தைத் தான் அனுப்புவதாக மகன் எழுதினான். வேண்டாம் என்று எழுதினேன். ஒன்றும் வராது என்று சொன்னது நான். மாதம் பிறந்து சம்பளம் எடுத்ததும் புறக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி அவர் தொழில் நடத்தும் கந்தோருக்குப் போவேன். அவர் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி எடுப்பிப்பார், காசை எண்ண மாட்டார். போன மாதம், "பிள்ளைக்கு ஒரு இடம் சரி வந்திட்டுது," என்றார். நல்லது என்றேன். வெளியில் வந்து பஸ்ஸை இரண்டு தரம் விட்டுவிட்டேன். அதை மகனுக்கு எழுதவில்லை. இதையும் மறைக்கிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் கை வருகுதில்லை.

இதுவரை ஒன்பது மாதம், மாதம் இருபதாயிரம். இன்னும் நாலு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுக்க இருக்கிறது.