பெருக்காத தரை

மஸ்கட்டில் நான் தரை துடைக்கும் மாலில் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் ஈரத்தில் என் செருப்புத் தடம் விழும். ஒரு வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்தால், யாருமே நடந்திராத இடம் போலத் தரை பளபளக்கும். மேற்பார்வையாளர் "கலாஸ்?" என்பார். முடிந்ததா என்று கேட்கிறார். தலையாட்டுவேன். ஆறு வருடமாக நடக்கும் தரையில் என் தடம் ஒன்றுகூட இல்லை என்பது இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது.

இந்த வேலையோடுதான் படமும் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் காட்சிகளைத் தாளில் எழுதி வைக்க வராது. துடைத்துக்கொண்டே மனதில் ஓட்டிப் பார்த்து, அறைக்கு வந்ததும் போனில் பேசி வைத்துக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறையில் என் ஊர் செஞ்சிக்குப் போய் அதே போனில் எடுப்பேன். நடிப்பது என் மனைவி செல்வியும் அவள் தம்பி குமாரும். முதல் இரண்டு குறும்படங்களையும் இங்குள்ள திரைப்பட விழாக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் திரும்பினால் இந்த ஆசையை விட்டுவிடுவது என்றிருந்தேன்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும் கணவனின் கதை அது. கடைசிக் காட்சியில் அவன் செம்மண் காலோடு வீட்டைக் கடந்து போவான். மனைவி அந்தத் தடங்களைப் பெருக்கித் தள்ளுவாள். நான் விமானம் ஏறும் நாளுக்குத்தான் அந்தக் காட்சி மிஞ்சியது. அன்று பார்த்து, கணவனாக நடிக்கும் குமார் பக்கத்து ஊர் வல்லத்தில் தளம் போடும் வேலைக்குப் போய்விட்டான். கேமரா முன் நிற்கவே கூசுகிறவன் நான். கால் மட்டும்தானே என்று துணிந்து, அரிசி டின்மேல் போனை வைத்துவிட்டு, காலில் மண்ணைப் பூசிக்கொண்டு, பையோடு நானே நடந்து வெளியேறினேன். எதிரே ராஜகிரிக் கோட்டைப் பாறைகளில் காலை வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. துடைப்பச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"பெருக்கு செல்வி."

"இன்னா மாமா, ஆளு பயணம் கெளம்பனதும் வூட்ட பெருக்குவாங்களா? நீ அங்க போய்ச் சேரட்டும், அப்பறம் பெருக்கறேன்."

"நடிப்புதானே."

"குமாரு நடந்துனு போயிருந்தா பெருக்கியிருப்பேன். இது உன் காலு. நெசமாவே பிளேன் ஏறப்போற காலு."

"ரெண்டே தடவ பெருக்கு. பஸ் வந்துடும்."

"நீயே பெருக்கிக்க. அங்க தெனம் அதானே பண்ற?"

கோபத்தில், போனை எடுக்கப் படியில் கால் வைத்தேன்.

"கெளம்பனவன் உள்ள வராத! போனை நானே எடுத்தாறேன்."

படம் போயிற்று என்றே பஸ் ஏறினேன். விமானத்தில் போனைத் திறந்தால் எல்லாம் பதிவாகியிருந்தது. எங்கள் சண்டை, சுவரில் சாய்த்த துடைப்பம், தரையில் என் சிவந்த தடங்கள். ஒன்றையும் மிதிக்காமல் சுவரை ஒட்டியே நடந்து வந்த செல்வியின் கை கேமராவை மூடுகிறது. அதோடு படத்தை முடித்தேன்.

இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. சின்ன அரங்கில் திரையிட்டார்கள். ஓமானியப் பெரியவர் ஒருவர், அந்தப் பெண் ஏன் பெருக்கவில்லை என்று இந்தியில் கேட்டார். கூட்டத்தைப் பார்க்காமல், எனக்குத் தெரிந்த இந்தியில் "நான் சேரும்வரை பெருக்கமாட்டாள்" என்று எப்படியோ சொன்னேன்.

"நீ திரும்ப ஊர்போய்ச் சேரும்வரையா? இரண்டு வருடமா!" என்று வியந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் சொன்னது மஸ்கட் சேரும்வரை என்று; ஆனாலும் திருத்தவில்லை.

அவர் புரிந்துகொண்டது முழுத் தப்பும் இல்லை. விமானம் ஏறிய அன்று இங்கே வந்து அறைக்குள் நுழையும்போதே செல்வியின் அழைப்பு வந்தது.

"சேந்துட்டியா மாமா?"

பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆமாம் என்றால் துடைப்பத்தை எடுத்துவிடுவாள்.

"இன்னும் இல்ல," என்றேன். "வழியிலதான் இருக்கேன்."