வியாழக்கிழமைச் சட்டை

நிலவறைச் சலவை அறையின் கொடியில் தொங்கிய அந்த நீலச் சட்டையை நினைத்தால், ஈரச் சுவரின் வாடையும் கூடவே வருகிறது. என் தோளுக்கு அது இரண்டு அளவு பெரிது. கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு நாள் துணி தோய்க்கும் முறை; வியாழக்கிழமை என்னுடையது. அதனால் என் கொடியில் தொங்கியது. சட்டை கீழ்வீட்டு அண்ணையுடையது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட சுவிஸ்காரி அதையும் என்னையும் மாறிமாறிப் பார்ப்பாள்.

எண்பதுகளின் பின்பாதி, சுவிசில் வில் என்ற நகரம். அண்ணை கடை போட்டு நொடித்திருந்தார், வரிப்பாக்கியும் ஏறியிருந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவள், நெசவாலையில் நின்று உழைத்தாள். ஒன்றாக இருந்தால் இருவருக்கும் வரி ஒன்று, அவர் பாக்கிக்கு அவளும் பொறுப்பு. பிரிந்து வாழ்ந்தால் ஆளுக்கொரு வரி, அவள் சம்பளம் தப்பும் என்று நகரசபையில் சொன்னார்களாம். அண்ணை என் மேல்மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்.

"சும்மா பதிவுக்குத்தானே" என்றார் அக்காவிடம்.

"பதிவுக்கெண்டால் பட்டு வேட்டியை ஏன் மேல கொண்டு போறியள்?" என்று அவள் கேட்டாள்.

"ஆரும் வந்து பாத்தால் நம்பவேண்டாமோ?"

வந்து பார்த்த நகரசபை ஆள் நம்பிப் போனார். சும்மா பதிவுக்கு என்பதை நம்பாதவள் அக்கா ஒருத்திதான். மாடிப்படியில் என்னை மறிப்பாள்.

"தம்பி, உவர் இரவில நித்திரை கொள்ளுறவரோ?"

"ஓம் அக்கா, நல்லாக் குறட்டை விடுறார்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சட்டைகளைத் தன் உடுப்போடு ஒளித்துத் தோய்த்து, ஈரத்தோடு என் கொடிக்குக் கொண்டுவருவாள். பிரிவின் சாட்சியாக நானும் அந்தக் கொடியும் நின்றோம். யாரை யார் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கே சந்தேகம்.

ஒரு வியாழன், அவள் வருமுன்பே நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலரை மூக்கருகே கொண்டுபோனாள்; அவள் போடும் சோப்பின் வாசம் இல்லை.

"இது ஆரின்ர சவுக்காரம்?"

"அண்ணை வாங்கினது. தானே தோய்ச்சவர்."

இன்னொருத்தி இருப்பாள் என்ற நினைப்புக்கு அவள் தன்னைத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும். தனியே வாழப் பழகிவிட்ட புருசனுக்கு அவளிடம் மருந்தில்லை. மறுநாள் லீவு போட்டு நகரசபைக்குப் போய், ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று பதிந்துவிட்டு, என் வாசலில் வந்து நின்றாள்.

"இறங்கி வாங்கோ."

"உம்மட சம்பளமும் போகுமப்பா."

"போகட்டும். அந்தச் சவுக்காரத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

போனது. பல வருட நெசவாலைச் சம்பளம். போன கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பல்கனிக் கொடியில் ஒரு நீலச் சட்டை. அண்ணை உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா சட்டையை எடுத்தாள். உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்தாள். காலரை முகர்ந்துவிட்டுத்தான் மடித்தாள்.