தொங்கிப் பார்க்கிறவர்

ஃபெலிக்ஸ் தொங்கிக்கொண்டிருக்கிறார். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை. முகட்டருகே ஓர் இரும்பு வளையம். அதில் மாட்டிய கயிறு அவர் இடுப்புப் பெல்ட்டுக்கு வருகிறது. உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டை மேலேறித் தொப்பை தெரிகிறது. காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "ஐயோ, கையை விட்டுட்டீங்களே!" என்று கத்துகிறார்.

"விட்டாத்தான சார் தெரியும்" என்கிறார் ஃபெலிக்ஸ் மேலிருந்தபடியே. "காப்பிய மூடி வைங்க. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கணும்."

இதற்கு முன்பே இழுவைக் கருவியை மாட்டி, வளையம் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து முடித்திருப்பார். அது போதும் என்றுதான் கம்பெனி சொல்கிறது. தொங்கும்போதும் பக்கத்து வளையத்தில் இரண்டாவது கயிறு ஒன்று மாட்டியிருக்கும். வீரம் காட்டுகிற ஆள் அல்ல. "மெஷின் சொன்னது மெஷினுக்கு. நாளைக்கு இதுல தொங்கப்போறது மனுசன்லா? அப்ப மொதல்ல ஒரு மனுசன் தொங்கிப் பாக்கணும்" என்பது அவர் கட்சி.

தூத்துக்குடிக்காரர், பிழைக்க வந்தது தெலுங்கு நாட்டுக்கு. ஐம்பதை நெருங்குகிறார். பாலாநகர்ப் பட்டறைகளில் ஃபிட்டராக இருந்துவிட்டு, கச்சிபௌலிக்கு அப்பால் பாறைகளை உடைத்து வில்லாக்கள் முளைக்கத் தொடங்கியபோது இந்த வேலைக்கு வந்தார். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு வெளிநாட்டுப் படத்தில் பார்த்த மாதிரி சரிந்த கூரை வேண்டும். கூரை சரிந்தால் ஓடு மாற்றவும் பாசி சுரண்டவும் ஏறுகிறவனும் சரிவான். அதற்காகத்தான் வீடு இருக்கும்வரை இருக்கும்படி முகட்டிலேயே பதித்துவிடுகிற இந்த வளையம். ஏறுகிறவன் கயிற்றை இதில் மாட்டிக்கொள்ள வேண்டும். கயிறு கூரை விளிம்பை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். சொல்லக் கேட்டால் இவ்வளவுதான்.

செய்யும்போது பார்க்க வேண்டும். ஓட்டை எடுத்துவிட்டு, அடியிலுள்ள கான்கிரீட்டில் துளை போடுவார். பிறகு தூசியை ஊதுவார், பிரஷ்ஷால் தேய்ப்பார், மறுபடியும் ஊதுவார். புண்ணைச் சுத்தம் செய்யாமல் கட்டுப் போடக் கூடாது என்று தெரிந்த கை அது. உள்ளே தூசி இருந்தால், வளையத்தைப் பதிக்க ஊற்றுகிற பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. பசை காய்கிறவரை யாரையும் பக்கத்தில் விடமாட்டார். "பச்ச உடம்பு சார், தொடாதிய" என்பார்.

இவ்வளவு உயரத்தில் கை கட்டி நிற்கிறவர் தரையில் ஒரு கோழை. மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டார். ஸ்கூட்டரை மாட்டுவண்டிகூட முந்தும். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் மனைவி ஸ்டெல்லா வந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ஊர்க் கூரையெல்லாம் ஏறுத ஆளு, ஸ்டூலுக்கு நடுங்குது பாரு" என்று ஸ்டெல்லா சிரிப்பார்.

"ஸ்டூலுக்கு வளையம் ஏதுட்டி?" என்பார் ஃபெலிக்ஸ், கோபமே இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நூர் முகமது வீட்டுக்குப் போகிறார். வாணியம்பாடிக்காரரான நூர், பட்டறையில் ஃபெலிக்ஸோடு வேலை பார்த்தவர். கூரைத் தகடு ஒழுகுகிறது என்று மேலே ஏற்றிவிட்டார்கள். தகடு உடைந்து கீழே வந்தார். கூரையிலிருந்து விழுந்து சாகிறவர்களைப் பற்றி ஊர் பேசும். சாகாமல் கிடக்கிறவர்களைப் பற்றி அவரவர் வீட்டுக் கட்டிலுக்குத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும். குதிகாலும் முதுகின் அடி எலும்பும் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவந்ததும் கவனித்தால் புண் இல்லை, கறுத்தபின் கவனித்துப் பயன் இல்லை. நூரின் மனைவி இதையெல்லாம் வருஷக்கணக்காகச் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அவருக்கு ஓய்வு. அன்று ஃபெலிக்ஸ் நூருக்குச் சவரம் செய்து, நகம் வெட்டி, துணி மாற்றுவார்.

அந்தக் கட்டிலுக்கு நேர்மேலே, கூரையில் ஒரு மஞ்சள் வளையம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கைப்பிடி தொங்குகிறது. நூருக்குக் கை நன்றாக இருப்பதால், அதைப் பிடித்துத் தானே எழும்பிப் புரளலாம். ஃபெலிக்ஸ் தன் வாழ்நாளில் பதித்த முதல் வளையம் அதுதான். அதன் பிறகு பதித்ததெல்லாம் மஞ்சள்தான்.

ஒரே ஒரு காலனியில் மட்டும் நிறம் மாறியது. கோகாபேட்டைத் தாண்டி இருக்கிற வில்லா காலனி அது. சங்கத்தின் செயலாளர் பத்மஜா, இந்த ஊரிலேயே, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டின் தலையில் இரும்பு அடிப்பதா, வாஸ்து ஆகாது என்று கூட்டத்தில் எழுந்த சத்தத்தையெல்லாம் தனியாக நின்று அடக்கி, எல்லா வீட்டுக்கும் வளையம் வாங்கித் தந்தவர். ஒரு காலனி முழுவதும் ஒத்துக்கொண்டது ஃபெலிக்ஸுக்கு அதுவே முதல் தடவை. எல்லாம் முடிந்தபின் பத்மஜா தயங்கிக்கொண்டே கேட்டார்.

"மஞ்சள் மட்டும் வேண்டாமே, ஃபெலிக்ஸ். எல்லா வீடும் பொட்டு வச்சிண்டு நிக்கறாப்ல இருக்குன்னு சிரிக்கறா. ஓட்டுக் கலரே அடிச்சுடுங்கோளேன். பலம் ஒண்ணும் குறையாதே?"

"பலம் கொறையாது மேடம்" என்றார் ஃபெலிக்ஸ். அது உண்மை. இதற்காக முரண்டு பிடித்து, கிடைத்த காலனியை விடுவானேன் என்று நினைத்தார். "ஹவ், அடிச்சிருவம்" என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டு, சிவப்பு அடித்துவிட்டுப் போனார்.

அந்தக் காலனியின் ஓட்டு வேலைக்காரர் தென்காசி செல்லப்பா. ஒல்லி, முறுக்கிய மீசை, பூனைக்கால். சிறுவயதிலிருந்தே ஓட்டின்மேல் நடக்கிறவர், கயிற்றைக் கண்டாலே அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"கயித்தக் கெட்டி மேயவிட நான் என்ன ஆடாவே?"

"ஆடு விழுந்தா கறியாவது ஆகும். நீரு விழுந்தா எதுக்குவே ஆவீரு?" என்றார் ஃபெலிக்ஸ்.

கயிறு இல்லாமல் கூரை இல்லை என்று பத்மஜாவும் சொல்லிவிட்டதால் செல்லப்பா இறங்கிவந்தார். ஃபெலிக்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். புதிதாகப் பெல்ட் போடுகிறவன் கயிற்றை நம்பாமல் ஓட்டையே கட்டிக்கொண்டிருப்பான். அப்படி இருந்தால் வேலையும் நடக்காது, முதுகும் போய்விடும். "சாயும்வே. கயித்த நம்பிச் சாயும். ரெண்டு கையும் வேலைக்கு" என்று சொல்லிச் சொல்லி அவரைச் சாய வைத்தார். சாய்ந்து பார்த்த செல்லப்பாவுக்கு அது பிடித்தும் போயிற்று.

மழைக்கு முந்திய வாரம், அடுத்த வரிசை வீடுகளைப் பார்வையிட ஃபெலிக்ஸ் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியதும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். ஒரு கூரையின் சரிவில் செல்லப்பா, பெல்ட் போட்டு, அழகாகப் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளிலும் ஓடுகளை வைத்துக்கொண்டு சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். ஃபெலிக்ஸின் கண் கயிற்றைப் பிடித்து மேலே போனது. அது வளையத்தில் முடியவில்லை. சிவப்பு ஓட்டில் சிவப்பு வளையம் தெரியாமல், வெள்ளையாகப் பளபளத்த டிஷ் கம்பத்தில் மாட்டியிருந்தது. நாலு சின்ன ஸ்க்ரூவில், முகட்டுப் பூச்சில் நிற்கிற கம்பம்.

கயிறே கட்டாத செல்லப்பா பூனை மாதிரி பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார். இப்போது நம்பிச் சாய்ந்திருக்கிறார். நம்பச் சொன்னது யார் என்று ஃபெலிக்ஸுக்குத் தெரியும். கத்தினால் வெடுக்கென்று திரும்புவார். திரும்பினால் கம்பம் இழுபடும்.

"வே செல்லப்பா!" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். கையில் செல்போனை எடுத்தார். "ஒரு போட்டோ வேணும்வே. ஆபீஸ்ல கேக்காவ."

"இப்பமா? சட்டை அழுக்காக் கெடக்கே."

"அழுக்குச் சட்டதான் வேணுமாம். கையில உள்ளத மெள்ளக் கீழ வையும். அப்படியே ஓட்டோட ஒட்டி, நெஞ்சு படியப் படும்."

"குப்புறப் படுத்தா மூஞ்சி தெரியாதேவே!"

"ஒம்ம மூஞ்சிய யாரு கேட்டா? கயிறு தெரியணும். அசையாதீரும், ஆடுனா படம் கலங்கிரும்."

முணுமுணுத்துக்கொண்டே செல்லப்பா படுத்தார். கயிறு தளர்ந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த பத்மஜா என்னவென்று கேட்க வாயெடுத்தார். ஃபெலிக்ஸ் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ஃபெலிக்ஸ் பெல்ட்டைப் போட்டு, இரண்டு கயிறுகளை எடுத்துக்கொண்டு, பின்பக்க ஏணி வழியாக முகட்டுக்கு ஏறினார். தன் கையால் பதித்த வளையத்தைத் தானே கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டு விளிம்பைத் தடவித் தடவித்தான் விரலில் பட்டது. முதலில் தன் கயிற்றை மாட்டினார். பிறகு இன்னொரு கயிற்றின் முனையை அதே முகட்டில் அடுத்த வளையத்தைத் தடவிக் கண்டுபிடித்து அதில் மாட்டி, மறுமுனையோடு சரிவில் இறங்கி, செல்லப்பாவின் பெல்ட்டில் கொக்கியைப் போட்டார். கொக்கி மூடிக்கொண்ட 'டிக்' சத்தம் கேட்டபின்தான் மூச்சு விட்டார்.

"எடுத்தாச்சா படம்?" என்றார் செல்லப்பா, ஓட்டில் கன்னத்தை வைத்தபடி.

"எடுத்தாச்சு. எந்திரிச்சு இங்க பாரும்."

டிஷ் கம்பத்தை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். ஈறு கெட்ட பல் போல ஆடியது. செல்லப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் ஓட்டுத் தூசி ஒட்டியிருந்தது.

"இதுலயாவே சாஞ்சிக்கிட்டு நின்னேன்?" என்றார். பிறகு, "நீருதானவே சாயச் சொன்னீரு."

"ஹவ். நாந்தான் சொன்னேன்."

இறங்கியதும் ஃபெலிக்ஸ் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. பத்மஜா கொண்டுவந்த தண்ணீரை இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். பத்மஜா கூரையைப் பார்த்தார், அவர் இடுப்பில் இன்னும் இருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"மஞ்சளே அடிச்சுடுங்கோ" என்றார். "சிரிக்கறவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஸ்கூட்டர்ப் பெட்டியில் மஞ்சள் டப்பா இருந்தது. பிரஷ் காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தது. ஃபெலிக்ஸ் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கூரைமேல் ஏறி, விரலை டப்பாவில் முக்கி வளையத்துக்குப் பூசினார். செல்லப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வீட்டில் அண்ணாந்து பார்த்தார்.

"பொட்ட நேரா வையும்வே. கோணலா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போவன்பள்ளிச் சந்தில் அழுகிய தக்காளி வாடை. நூர் முகமது தாடியைச் சொறிந்துகொண்டு காத்திருந்தார்.

"வா துரை. இந்த வாரம் எத்தினி பேரைக் கட்டிப்போட்ட? கையில என்னடா மஞ்சளு, மறுபடி கல்யாணமா?"

"பெயிண்ட்டு" என்றார் ஃபெலிக்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே வந்தார். வாரம் தவறாமல் செய்வதைச் செய்ய, மேலே தொங்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஆரம்பிச்சிட்டான்! நக்கோ டா, வேணாம். வீடே விழுந்தாலும் அது விழாது."

ஃபெலிக்ஸ் இரண்டு காலையும் தரையிலிருந்து மடக்கிக்கொண்டு தொங்கினார். அன்று கொஞ்சம் அதிக நேரம் தொங்கினார். பிறகு காலை ஊன்றி, கைப்பிடியில் இருந்த தன் வியர்வையைச் சட்டை நுனியால் துடைத்து, கைப்பிடியை நூரின் கையில் கொடுத்தார்.